கல்லாப்பெட்டியிலிருந்து புல்வெட்டிக்கு

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் உள்ள டேட்டன் நகரில், நேஷனல் கேஷ் ரெஜிஸ்டர் கம்பெனியில் 1904-ல் வேலைக்குச் சேர்ந்தார் சார்லஸ் கெட்டரிங். கையால் இயக்கிய கடைக் கல்லாவுக்கு அவர் மின் மோட்டார் வைத்தார். அந்த மோட்டார் நாள் முழுக்கச் சுற்ற வேண்டியதில்லை. ஒரு நொடி இழுத்தால் போதும், ஆனால் முழு வலுவோடு இழுக்க வேண்டும். அதற்குச் சின்ன மோட்டாரே தாங்கும், ஏனென்றால் அளவுக்கு மீறி மின்சாரம் கொடுத்தாலும் அது சூடேறுவதற்குள் வேலை முடிந்துவிடும். இன்று புல்வெட்டும் மெஷினின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு இன்ஜினைக் கிளப்பும் செல்ஃப் மோட்டாரின் கருவே இந்த எண்ணம்தான்.

அக்காலக் கார்களை முன்னால் நின்று ஹாண்டில் போட்டுச் சுற்றித்தான் கிளப்புவார்கள். ஸ்பார்க் முந்திக்கொண்டால் இன்ஜின் எதிர்த்திசையில் உதைக்கும், மணிக்கட்டு முறியும். கிணற்று மேட்டில் ஆயில் இன்ஜின் சுற்றிய நம்மூர்க்காரர்களுக்கு ஹாண்டிலின் குணத்தைச் சொல்லித்தர வேண்டியதில்லை. கேடிலாக் நிறுவனர் ஹென்றி லேலண்டின் நண்பர் பைரன் கார்ட்டர் அப்படி அடிபட்டு, அதன் தொடர்ச்சியாக 1908-ல் இறந்தார் என்பார்கள். லேலண்ட் வழி தேடினார். கெட்டரிங்கும் கூட்டாளிகளும் டேட்டனில் ஒரு கொட்டகையில் இரவு பகலாக உழைத்துச் செய்த செல்ஃப், 1912 மாடல் கேடிலாக்கில் ஏறியது. கிளப்பும்போது 24 வோல்ட் மோட்டார். இன்ஜின் ஓடத் தொடங்கியதும் அதுவே 6 வோல்ட்டில் பேட்டரியை நிரப்பும் ஜெனரேட்டர். சாமானியரின் வண்டியான ஃபோர்டு மாடல் டி-க்கு அந்த வசதி 1919-ல்தான் வந்தது.

செல்ஃப் சிறியதாகவும் மலிவாகவும் ஆனதில் வின்சென்ட் பெண்டிக்ஸுக்குப் பெரிய பங்கு உண்டு. மோட்டாரின் தண்டில் திருகு மரை வெட்டி, அதில் பினியன் என்ற சிறு பல்சக்கரத்தைத் தளர்வாகக் கோத்தார். மோட்டார் திடுக்கென்று சுழலும்போது பினியன் தன் எடையாலேயே உடனே சுழலாமல் பின்தங்கும். மரை அதை மேலே தள்ளும். போய் ஃப்ளைவீலின் பல்லில் கவ்வும். இன்ஜின் பிடித்து வேகமெடுத்ததும் ஃப்ளைவீல் அதே பினியனை மரை வழியே திருப்பி அனுப்பிவிடும். தனியாக நெம்புகோல் வேண்டாம். இவ்வளவு எளிய கருவியை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

தோட்டத்துக்கு செல்ஃப் வந்து சேர வெகுநாள் பிடித்தது. மில்வாக்கியின் பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன் 1953-ல் அலுமினிய இன்ஜின் கொண்டுவந்தபின் புல்வெட்டியின் எடை குறைந்தது. ஆனாலும் கயிற்றை இழுத்துக் கிளப்புவதே வழக்கமாக நீடித்தது. பிறகு அமெரிக்காவில் பாதுகாப்பு விதி வந்தது. 1982 ஜூன் 30-க்குப் பிறகு தயாராகும், பின்னால் நடந்து தள்ளும் புல்வெட்டிகளில், கைப்பிடியை விட்ட 3 வினாடிக்குள் பிளேடு நிற்க வேண்டும். இன்ஜினையே நிறுத்தி பிளேடை நிறுத்துவது மலிவான வழி. ஆனால் புல்லை அள்ளக் குனியும்போதெல்லாம் இன்ஜின் நின்றால், மறுபடி கயிறு இழுக்கச் சலித்துப்போய் மக்கள் அந்தக் கைப்பிடியையே கட்டிவைத்துவிடுவார்கள் என்ற அச்சம் இருந்தது. அதனால் அப்படி நிற்கும் இன்ஜினுக்கு மின் ஸ்டார்ட்டர் கட்டாயம் என்றுதான் முதலில் எழுதினார்கள். 1981-ல் அமெரிக்க நாடாளுமன்றம் அதைத் தளர்த்தி, நிபந்தனையோடு கயிற்றுக்கும் இடம் கொடுத்தது. அந்தத் தளர்வு இல்லாவிட்டால் இன்று பல பேருடைய தோள்பட்டை தப்பியிருக்கும் என்றே நினைக்கிறேன்.

கயிறு மட்டும் உள்ள இன்ஜினில் செல்ஃப் பொருத்த முடியுமா? முதலில் பிளாக்கைப் பாருங்கள். பல மாடல்களில் மோட்டாரை முடுக்கும் இடம் வார்ப்பிலேயே இருக்கும், துளையிட்டு மரை வெட்டாமல் விட்டிருப்பார்கள். அந்த இடமே இல்லாத இன்ஜினில் முயலாமல் இருப்பது நல்லது. அடுத்தது ஃப்ளைவீல். ரிங் கியர் இல்லாததைக் கழற்றி, அதே மாடலுக்கான பல் உள்ள ஃப்ளைவீல் போட வேண்டும். பல் அலுமினியமானால் பினியன் நைலான், பல் இரும்பானால் பினியனும் இரும்பு. மாற்றிப் போட்டால் அலுமினியப் பல் தேய்ந்துபோகும். ஃப்ளைவீலைச் சுத்தியலால் தட்டி எடுக்காமல், புல்லர் போட்டு எடுங்கள். அதைத் தண்டோடு பூட்டும் சாவி மென்மையான அலுமினியத் துண்டு. சற்றே நசுங்கினாலும் ஸ்பார்க் நேரம் தப்பிவிடும். புது ஃப்ளைவீலின் காந்தத்துக்கும் காயிலுக்கும் நடுவே ஒரு விசிட்டிங் கார்டைச் செருகி, காயிலைக் காந்தத்தோடு ஒட்டவிட்டு முடுக்கிவிட்டுக் கார்டை உருவினால், தேவையான இடைவெளி சரியாக அமைந்துவிடும். மின்னோட்டம் அதிகம் என்பதால் வயர் தடிமனாக இருக்க வேண்டும். எர்த் போடும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டி உலோகத்தைத் தொட வையுங்கள். ஸ்டார்ட் சாவியை 5 வினாடிக்கு மேல் திருப்பி வைத்திருக்கக் கூடாது. இன்ஜின் பிடிக்காவிட்டால் ஒரு நிமிடம் ஆறவிட்டு மீண்டும் முயல வேண்டும்.

பேட்டரியை நிரப்பும் ஸ்டேட்டர் காயில் ஃப்ளைவீலுக்கு அடியில் இல்லையென்றால், வெளிச் சார்ஜரில் போட்டுப் போட்டுத்தான் எடுக்க வேண்டும். இவ்வளவு பாடு வயதானவருக்கோ மூட்டுவலிக்காரருக்கோ நிச்சயம் தகும்; மற்றவர் கார்புரேட்டரைச் சுத்தம் செய்து, பிளக்கை மாற்றினாலே ஓரிரு இழுப்பில் இன்ஜின் பிடித்துவிடும். செல்ஃப் போட்டபின்னும் கயிற்றைக் கழற்றிவிடாதீர்கள். பேட்டரி இறங்கிய நாளில் அதுதான் கைகொடுக்கும்.