வேகத்தின் விலை: ஒரு ஷில்லிங்கிலிருந்து ஓராண்டுச் சிறை வரை

1896 ஆம் ஆண்டு ஜனவரி 28 ஆம் திகதி இங்கிலாந்தின் கென்ற் பிரதேசத்தில் உள்ள பாடக் வூட் கிராமத்தினூடாக வால்ட்டர் ஆர்னல்ட் என்பவர் தனது பென்ஸ் மோட்டார் வண்டியைச் செலுத்திச் சென்றார். அங்கு அனுமதிக்கப்பட்டிருந்த வேகம் மணித்தியாலத்திற்கு 2 மைல். அவர் சென்ற வேகம் 8 மைல். வீதியோரத்து வீட்டில் இருந்த பொலிஸ்காரர் ஒருவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு துரத்திச் சென்று அவரைப் பிடித்தார். அதிக வேகத்திற்காக நீதிமன்றம் விதித்த தண்டப்பணம் ஒரு ஷில்லிங், அத்துடன் வழக்குச் செலவு. பிரித்தானியாவில் வேகத்திற்காகத் தண்டிக்கப்பட்ட முதலாவது மோட்டார் சாரதி என்று ஆர்னல்ட் இன்றும் குறிப்பிடப்படுகிறார்.

விகிதாசாரப்படி பார்த்தால் அவர் அனுமதிக்கப்பட்ட வேகத்தின் நான்கு மடங்கில் சென்றிருக்கிறார். இன்று 50 கிலோமீற்றர் வலயத்தில் ஒருவர் 200 கிலோமீற்றர் வேகத்தில் செல்வதற்கு ஒப்பானது அது. அப்படிச் செல்பவரை இன்றைய சுவிற்சர்லாந்து சிறைக்கு அனுப்பும். டென்மார்க் அவரது வாகனத்தைப் பறிமுதல் செய்யும். ஆர்னல்ட்டோ பென்ஸ் வண்டிகளை விற்பனை செய்யும் தொழிலில் இருந்தவர். அந்த ஒரு ஷில்லிங் அவருக்குக் கிடைத்த மிக மலிவான விளம்பரம் என்றே கூறவேண்டும்.

கடுமையான வேகத்திற்குக் கடுமையான தண்டனை நியாயமா என்ற கேள்வி பலரும் நினைப்பது போலப் புதியதல்ல. மோட்டார் வண்டியின் வயதே அதற்கும் வயது. 1865 ஆம் ஆண்டின் பிரித்தானியச் சட்டம் இயந்திர வண்டிகள் நகரங்களில் 2 மைல், கிராமப்புறங்களில் 4 மைல் வேகத்திற்கு மேல் செல்லக்கூடாது என்றும், வண்டிக்கு 60 யார் முன்னால் ஒருவர் சிவப்புக் கொடியுடன் நடந்து செல்லவேண்டும் என்றும் விதித்திருந்தது. நீராவி வண்டிகளுக்காக எழுதப்பட்ட சட்டம் பெற்றோல் வண்டிகளின் கழுத்தில் விழுந்தது. 1896 நவம்பரில் அது தளர்த்தப்பட்டு 14 மைல் வரை செல்ல அனுமதி கிடைத்தபோது, மோட்டார் உரிமையாளர்கள் லண்டனிலிருந்து பிறைற்றனுக்கு ஊர்வலமாக ஓடி அதனைக் கொண்டாடினார்கள்.

அந்தக் கொண்டாட்டத்திற்கு மூன்று மாதங்களுக்கு முன்னர், அதே ஆண்டு ஆகஸ்ட் 17 ஆம் திகதி, லண்டன் கிறிஸ்டல் பலஸ் மைதானத்தில் பிறிஜற் டிறிஸ்கொல் என்ற பெண் மோட்டார் வண்டி மோதி உயிரிழந்தார். பிரித்தானியாவில் பெற்றோல் வண்டியால் கொல்லப்பட்ட முதல் பாதசாரி அவரே. விசாரணையில் அது தற்செயலான மரணம் என்று முடிவு செய்யப்பட்டது. இத்தகைய சம்பவம் இனி ஒருபோதும் நிகழாது என்று தாம் நம்புவதாக மரண விசாரணை அதிகாரி கூறியதாகப் பதிவாகியிருக்கிறது.

1903 ஆம் ஆண்டின் சட்டம் வேக எல்லையை 20 மைல் ஆக்கியது. அதனை நடைமுறைப்படுத்த பொலிஸார் வேலிகளுக்குப் பின்னால் நிறுத்தற் கடிகாரங்களுடன் ஒளிந்திருந்தார்கள். அக்காலத்தில் மோட்டார் வண்டி வைத்திருந்தவர்கள் செல்வந்தர்கள். பிரபுக்கள், பாராளுமன்ற உறுப்பினர்கள், மருத்துவர்கள். தங்களைச் சாதாரண பொலிஸ்காரர் ஒருவர் மறிப்பதை அவர்கள் அவமானமாகக் கருதினார்கள். 1905 இல் அவர்கள் அமைத்த மோட்டார் சங்கத்தின் ஆரம்ப வேலையே, சைக்கிளில் ஆட்களை அனுப்பிப் பொலிஸார் பதுங்கியிருக்கும் இடங்களைச் சாரதிகளுக்கு முன்கூட்டியே அறிவிப்பதுதான். 1910 இல் நீதிமன்றம் அது பொலிஸாரின் கடமைக்கு இடையூறு என்று தீர்ப்பளித்தது. சங்கம் அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தது. அதன் காவலர்கள் உறுப்பினர்களின் வண்டிகளைக் கண்டதும் சலாம் வைப்பது வழக்கம். சலாம் வைக்காவிட்டால் வண்டியை நிறுத்திக் காரணம் கேட்கவேண்டும். அதாவது முன்னால் பொலிஸார் இருக்கிறார்கள். சலாம் வைக்காமல் இருந்ததற்காக ஒருவரை எந்தச் சட்டத்தின் கீழ் தண்டிப்பது?

சட்டத்தை மீறியவர்கள் தங்களைக் குற்றவாளிகளாகக் கருதவில்லை. சட்டம்தான் பிழை என்று கருதினார்கள். அவர்களது குரல் பலமானது. 1930 ஆம் ஆண்டின் வீதிப் போக்குவரத்துச் சட்டம் கார்களுக்கான வேக எல்லையை அடியோடு நீக்கியது. நான்கு ஆண்டுகளின் பின்னர், 1934 இல், பிரித்தானிய வீதிகளில் கொல்லப்பட்டோர் தொகை 7,343. எல்லையை மீண்டும் கொண்டுவர அரசாங்கம் முயன்றபோது பாராளுமன்றத்தில் நடந்த விவாதத்தை வாசிப்பவர்கள் திகைத்துப் போவார்கள். மூர் பிரபஸன் என்ற உறுப்பினர், பிரித்தானியாவின் முன்னோடி விமானிகளில் ஒருவர், ஆண்டுக்கு 6,000 பேருக்கு மேல் தற்கொலை செய்கிறார்கள், அதைப்பற்றி எவரும் பதறுவதில்லையே என்று கேட்டார். முற்காலத்தில் மோட்டார் வண்டிகளில் கோழிகள் அடிபட்டு ரேடியேற்றர் நிறைய இறகுகள் ஒட்டியிருக்கும், நாய்களும் அப்படித்தான், இப்பொழுது நாய்கள் ஒதுங்கிக்கொள்ளப் பழகிவிட்டன என்றும் சொன்னார். மனிதர்களும் பழகிக்கொள்வார்கள் என்பது அவரது வாதத்தின் சாரம். ஆயினும் சட்டம் நிறைவேறியது. 1935 மார்ச்சில் குடியிருப்புப் பகுதிகளுக்கு 30 மைல் எல்லை நடைமுறைக்கு வந்தது.

ஆகவே, கடும் தண்டனைகளை எதிர்ப்பவர்கள் எல்லோரும் மனித உரிமை பேசுபவர்கள் என்று நான் எண்ணுவதில்லை. அந்த எதிர்ப்பின் வேரில் செல்வாக்குள்ளவர்களின் சினமும் இருந்திருக்கிறது. அதேவேளை, தண்டனையைக் கடுமையாக்கினால் நீதி தானாக வந்துவிடும் என்று நம்புவதற்கும் நான் தயாரில்லை.

இளம் நிருபராக நீதவான் நீதிமன்றச் செய்திகளைச் சேகரித்த காலத்தில் ஒரே காலைப்பொழுதில் பார்த்த இரண்டு வழக்குகள் நினைவில் இருக்கின்றன. இரண்டும் அதிக வேகம். முதலாமவர் லொறிச் சாரதி. இரண்டாமவர் வியாபாரி, சொந்தக் காரில் சென்றவர். இருவருக்கும் ஒரே தொகை. வியாபாரி சட்டைப் பையிலிருந்து பணத்தை எடுத்துக் கட்டிவிட்டு, சட்டத்தரணியுடன் சிரித்துப் பேசிக்கொண்டே போய்விட்டார். லொறிச் சாரதியின் மனைவி கையிலிருந்த ஒரு சோடி காப்பைக் கழற்றிக் கொடுத்து, அதனை அடகுக் கடைக்குக் கொண்டுபோன உறவினர் திரும்பி வரும்வரை நீதிமன்ற வளவுக்குள் நின்றார். மத்தியானம் வரை அவர் அங்கே நின்றது எனக்குத் தெரியும். சட்டத்தின் முன் இருவரும் சமம் என்பதில் ஐயமில்லை. தண்டனையில் சமம் என்று எப்படிச் சொல்வது?

இந்தக் கேள்விக்குப் பின்லாந்து 1921 இலேயே ஒரு விடை கண்டது. அங்கே தண்டப்பணம் ரூபா சதத்தில் அல்ல, நாட்களில் கணிக்கப்படுகிறது. குற்றத்தின் பாரதூரத்திற்கேற்ப இத்தனை நாள் என்று தீர்மானிப்பார்கள். ஒரு நாளின் பெறுமதி அந்த மனிதரின் நாளாந்த வருமானத்தில் வரி முதலியன போக எஞ்சுவதில் ஏறத்தாழப் பாதி. எல்லையை 20 கிலோமீற்றருக்கு மேல் தாண்டியவர்களுக்கு இந்த முறை பொருந்தும். 2002 இல் நொக்கியா நிறுவனத்தின் உயர் அதிகாரி அன்சி வன்யொக்கி 50 கிலோமீற்றர் வலயத்தில் 75 கிலோமீற்றர் வேகத்தில் மோட்டார் சைக்கிள் ஓட்டியதற்காக அவருக்கு விதிக்கப்பட்ட தொகை ஏறத்தாழ 116,000 யூரோ. உலகம் முழுவதும் செய்தியான அந்தத் தொகை, அவரது வருமானம் குறைந்துவிட்டதாக மேன்முறையீட்டில் நிரூபிக்கப்பட்டபோது 5,245 யூரோவாகச் சுருங்கியதைப் பலர் கவனிக்கவில்லை. 2023 இல் ஓலண்ட் தீவுகளைச் சேர்ந்த வர்த்தகர் அன்டர்ஸ் விக்லொவ் 50 வலயத்தில் 82 கிலோமீற்றர் வேகத்தில் சென்று 121,000 யூரோ கட்டினார். தமக்கு வருத்தம் என்று சொன்ன அவர், அந்தப் பணம் சுகாதார சேவைக்குப் பயன்படட்டும் என்றும் கூறினார். இவை அபராதத்தின் கடுமையைக் காட்டும் உதாரணங்களாகவே மேற்கோள் காட்டப்படுகின்றன. எனது அபிப்பிராயத்தில் இவை கடுமையே அல்ல. சம்பளம் குறைந்த ஒருவர் அதே வேகத்திற்குச் செலுத்தும் நாட்களைத்தான் விக்லொவும் செலுத்தினார்.

கடுமை என்று சொல்வதானால் சுவிற்சர்லாந்தைப் பார்க்கவேண்டும். நம்மவர்கள் பல்லாயிரக்கணக்கில் வாழும் நாடு என்பதால் இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

1999 இல் லுற்சேர்ன் மாநிலத்தின் கெல்பிங்கன் கிராமத்தில் இரண்டு இளைஞர்கள் தங்கள் கார்களில் ஒருவரையொருவர் முந்தப் போட்டியிட்டனர். ஒரு கார் கட்டுப்பாட்டை இழந்து, நடந்து சென்றுகொண்டிருந்த இரண்டு பதின்ம வயதினரைக் கொன்றது. அதுவரை இத்தகைய மரணங்கள் கவனயீனம் என்ற தலைப்பின் கீழேயே வந்தன. இம்முறை, மரணம் நேரலாம் என்று தெரிந்தும் அதை ஏற்றுக்கொண்டே ஓட்டினார்கள், ஆகவே இது வேண்டுமென்றே செய்த கொலை என்று நீதிமன்றங்கள் கூறின. 2004 இல் சமஷ்டி உச்ச நீதிமன்றம் அதனை உறுதிப்படுத்தியது. மோதிய காரை ஓட்டியவர் மட்டுமல்ல, போட்டியிட்ட மற்றவரும் தண்டிக்கப்பட்டார்.

அடுத்து வந்த ஆண்டுகளில் வீதி விபத்துகளில் பாதிக்கப்பட்டோருக்காக இயங்கும் றோட்குறொஸ் அமைப்பு மக்கள் பிரேரணைக்காகக் கையொப்பங்களைத் திரட்டியது. விளைவு, 2012 இல் பாராளுமன்றம் நிறைவேற்றி 2013 ஜனவரி முதலாம் திகதி நடைமுறைக்கு வந்த சட்டம். 30 வலயத்தில் 70, 50 வலயத்தில் 100, 80 வலயத்தில் 140, நெடுஞ்சாலையில் 200 கிலோமீற்றர் வேகத்தை எட்டியவர் எவரையும் மோதியிருக்க வேண்டியதில்லை, வேகமே குற்றம். ஓராண்டு முதல் நான்கு ஆண்டு வரை சிறை, குறைந்தது இரண்டு ஆண்டுகளுக்குச் சாரதி அனுமதிப்பத்திரம் பறிப்பு. வாகனத்தையும் பறிமுதல் செய்யலாம்.

இந்த எல்லைகளை வகுத்தவர்களின் கணக்கில் நியாயம் உண்டு. வேகம் இரட்டிப்பானால் மோதலின் சக்தி நான்கு மடங்காகிறது. பிறேக் பிடித்து நிற்கத் தேவையான தூரமும் அப்படியே. 50 வலயத்தில் 100 கிலோமீற்றர் வேகத்தில் வருபவர், வீதியைக் கடக்கும் சிறுவனைக் கண்டபின் செய்யக்கூடியது எதுவும் இல்லை. அதை வெறும் கவனயீனம் என்று என்னால் அழைக்க முடியாது.

நெருடியது அந்தக் கட்டாய ஓராண்டு. முதற்குற்றவாளிக்கு அது பெரும்பாலும் ஒத்திவைக்கப்பட்ட தண்டனையாகவே இருந்தது என்பது உண்மை. ஆனால் நள்ளிரவில் வெறிச்சோடிய வீதியில் ஒருமுறை எல்லை மீறியவரையும் பாடசாலை வாசலில் பந்தயம் ஓடியவரையும் வேறுபடுத்தும் அதிகாரம் நீதிபதியிடமிருந்து பெருமளவில் எடுக்கப்பட்டது. அவசர அழைப்புக்கு ஓடிய அம்புலன்ஸ், தீயணைப்பு, பொலிஸ் வாகனச் சாரதிகளும் அதில் அகப்படும் நிலை ஏற்பட்டு, அந்தச் சேவையினர் குரல் எழுப்பினார்கள். பிரஜாவுரிமை இல்லாதவருக்கு இன்னொரு பாரமும் இருக்கிறது. ஓராண்டுக்கு மேற்பட்ட சிறைத்தண்டனை, அது ஒத்திவைக்கப்பட்டதானாலும், வதிவிட அனுமதியை நீக்குவதற்கான காரணங்களில் ஒன்று. ஒரே நீதிமன்றத்தில், ஒரே குற்றத்திற்கு, ஒரே தண்டனை பெறும் இருவரில் ஒருவர் வீட்டிற்குப் போவார். மற்றவர் குடும்பத்தோடு அந்த நாட்டில் இருக்க முடியுமா என்று குடிவரவு அலுவலகத்தின் கடிதத்திற்காகக் காத்திருப்பார். சட்டத்தை எழுதியவர்கள் இரண்டாமவரை மனதில் வைத்திருந்தார்களா என்பது ஐயத்திற்குரியது.

2023 ஒக்டோபர் முதல் சுவிஸ் சட்டம் திருத்தப்பட்டது. முந்திய பத்து ஆண்டுகளில் பாரதூரமான வீதிக் குற்றம் எதுவும் இழைக்காதவருக்கு ஓராண்டுக்குக் குறைவான தண்டனையோ தண்டப்பணமோ விதிக்க நீதிபதிக்கு இப்போது அதிகாரம் உண்டு. இது தண்டனையை மென்மையாக்கியது என்று சிலர் குறைகூறினர். நீதிபதிக்குத் தீர்ப்பளிக்கும் வேலையைத் திருப்பிக் கொடுத்தது என்றே நான் கொள்கிறேன்.

டென்மார்க் 2021 மார்ச் மாத இறுதியில் வேறு வழியில் இறங்கியது. 200 கிலோமீற்றருக்கு மேல் சென்றால், அல்லது 100 கிலோமீற்றரைத் தாண்டி எல்லையின் இரு மடங்குக்கு மேல் சென்றால், வாகனம் யாருடையதானாலும் அரசுடைமை. அதே ஆண்டு ஜேர்மனியில் வாங்கிய லம்போகினி காரை நோர்வேக்கு ஓட்டிச் சென்ற ஒருவர், வாங்கிய சில மணித்தியாலங்களில் டென்மார்க்கில் 236 கிலோமீற்றர் வேகத்தில் பிடிபட்டு, ஏறத்தாழ 20 இலட்சம் குறோணர் பெறுமதியான காரை இழந்தார். பலர் கைதட்டினார்கள். ஆனால் பழைய கார் ஒன்றில் அதே வேகத்தில் வந்தவர் இழப்பது அதில் சிறு துளி. இங்கே தண்டனையின் அளவைத் தீர்மானிப்பது குற்றமல்ல, காரின் சந்தை விலை.

கனடாவின் ஒன்ராறியோவில் உள்ள வாசகர்களுக்கு 2007 ஆம் ஆண்டின் சட்டம் நன்கு தெரிந்திருக்கும். எல்லையை 50 கிலோமீற்றர் தாண்டினால், வழக்கு விசாரிக்கப்படுவதற்கு முன்னரே, வீதியோரத்தில் வைத்தே அனுமதிப்பத்திரமும் வாகனமும் ஏழு நாட்களுக்குப் பறிபோயின; குற்றம் நிரூபிக்கப்பட்டால் 2,000 முதல் 10,000 டொலர் வரை தண்டமும் சிறையும். 2021 இல் இது மேலும் கடுமையாக்கப்பட்டது. பாரவண்டி ஒன்றை முந்தும்போது அகப்பட்ட ஒரு பெண்ணின் வழக்கில், தற்காப்புக்கு இடமளிக்காமல் சிறைக்கு அனுப்பக்கூடிய சட்டம் செல்லாது என்று 2009 இல் ஒரு நீதிபதி தீர்ப்பளித்தார். தற்காப்புக்கு இடம் இருக்கிறது என்று கூறி மேன்முறையீட்டு நீதிமன்றம் 2010 இல் அதை மாற்றியது. ஒருவர் குற்றவாளி என்று நீதிமன்றம் கூறுவதற்கு முன்னரே தண்டனையை அனுபவித்து முடித்துவிடும் அந்த ஏழு நாட்கள் பற்றிய எனது அமைதியின்மை அந்தத் தீர்ப்பால் தீரவில்லை.

குற்றத்தைத் தடுப்பது தண்டனையின் கொடுமையல்ல, அது தப்பாமல் வந்து சேரும் என்ற நிச்சயமே என்று இத்தாலியரான பெக்காரியா 1764 இல் எழுதினார். சுவிற்சர்லாந்தில் 1971 இல் வீதிகளில் 1,773 பேர் இறந்தார்கள். புதிய சட்டத்திற்கு முந்திய 2012 இல் 339 பேர். பெரிய வீழ்ச்சி முழுவதும் கடும் தண்டனைக்கு முன்னரே நிகழ்ந்துவிட்டது. ஆசனப்பட்டி, வேக எல்லைகள், கமராக்கள், மது அளவுக் கட்டுப்பாடு, வீதியமைப்பு ஆகியவை செய்த வேலை அது. அதற்காக 2013 ஆம் ஆண்டுச் சட்டம் வீண் என்று நான் சொல்லவில்லை. இறந்தவர்களின் பெற்றோருக்கு, நடந்தது கொலை என்று அரசு ஒப்புக்கொள்வதும் நீதியின் ஒரு பகுதிதான்.

எமது நாட்டில் இந்த விவாதம் 2016 இன் இறுதியில் எழுந்தது. அதிக வேகம் உட்பட ஏழு குற்றங்களுக்கு 25,000 ரூபா தண்டம் என்று அரசாங்கம் அறிவித்தபோது தனியார் பஸ் சங்கங்கள் பணிப்பகிஷ்கரிப்பில் இறங்கின. பஸ் நடத்துவோருக்கும் அரசாங்கத்திற்கும் இடையிலான இழுபறியாகவே பத்திரிகைகள் அதனை எழுதின. 25,000 ரூபா எவருக்கு எத்தனை நாள் உழைப்பு என்ற கேள்வி பின்தள்ளப்பட்டது. தனியார் பஸ் சாரதிக்கும் நடத்துனருக்கும் பெரும்பாலும் நிலையான மாதச் சம்பளம் கிடையாது. அன்றைய வசூலில் உரிமையாளருக்குரிய தொகையும் டீசல் செலவும் போக மிஞ்சுவதே அவர்களுடையது. முன்னால் போகும் பஸ்ஸை அடுத்த தரிப்பிடத்திற்கு முன்னர் முந்தினால்தான் அங்கு நிற்கும் பயணிகள் கிடைப்பார்கள். அந்த வேகத்தின் இலாபத்தில் முதற்பங்கு உரிமையாளருக்குப் போகிறது. தண்டச்சீட்டு சாரதியின் பெயருக்கு எழுதப்படுகிறது.