ஏடும் கருவியும்

விடியற்காலையில் தாழ்வுபாட்டுக் கரையில் நின்று பார்ப்போர் அங்கே ஒரு கல்விக்கூடத்தைக் காண்பர். கரைவலை இழுத்தல், நீரோட்டம் அறிதல், கிழிந்த வலையைப் பொத்துதல், படகின் இயந்திரத்தைக் கழற்றிப் பூட்டுதல் ஆகியவற்றைப் பதினாறு பதினேழு வயது வாலிபர் பயில்கின்றனர். ஆயினும் சாதாரண தரப் பரீட்சையில் தவறிய ஒருவனை நாம் “படிப்பு ஏறாதவன்” என்கிறோம். மிஷன் பாடசாலையிற் பயின்று, உத்தியோகக் கனவோடு வளர்ந்த நாமும் அவ்வாறு சொன்னவர்களே.

இக்குறையை நீக்க நம் நாடு முயலாமலில்லை. கன்னங்கரா தலைமையிலான விசேட குழு, மாணவரை அவரவர் ஆற்றலுக்கேற்ப மூவகைப் பாடசாலைகளுக்கு அனுப்பலாமென 1943இல் உரைத்தது. 1945இல் இலவசக் கல்வி வந்தது. பெற்றோர் நாடியதோ ஏட்டுக் கல்வியையே. உத்தியோகத்தின் கதவு அதற்குத்தானே திறந்தது!

1971 ஏப்ரலில் வேலையற்ற இளைஞரின் கிளர்ச்சி வெடித்தது. மறு ஆண்டே கல்விச் சீர்திருத்தம் தொடங்கிற்று. தொழில்முன்னிலைப் பாடங்கள் எல்லா மாணவருக்கும் உரியவாயின; கரையோரப் பாடசாலைகளில் மீன்பிடியும் பாடமாயிற்று. 1975இல் தேசியப் பொதுக் கல்விச் சான்றிதழ்ப் பரீட்சை நடந்தது. ஆனால் பயிற்றப்பட்ட ஆசிரியரும் கருவிகளும் போதவில்லை. “எம் பிள்ளை எம் தொழிலோடேயே நின்றுவிடுவானோ?” என்று பெற்றோர் அஞ்சினர். 1977இல் ஆட்சி மாறவே, பழைய பரீட்சைமுறை மீண்டது.

அந்த அச்சம் நியாயமானதே. மேலே ஏறப் படியில்லாத கல்வியை யார் விரும்புவர்? அப்படியை அமைக்கவே 2004இல் ஏழு மட்டங்களுடைய தேசிய தொழிற்றகைமை முறை வகுக்கப்பட்டது. அதன் ஏழாம் மட்டம் பட்டத்துக்குச் சமம். அனுபவத்தாற் கற்ற திறமையையும் மதிப்பிட்டுச் சான்றிதழ் வழங்க அதில் இடமுண்டு. 2017இல் தொடங்கிய பதின்மூன்று வருடக் கல்வித் திட்டம், சாதாரண தரத்தில் தவறியோரும் பாடசாலையிலேயே தொழிற்பாடம் தொடர வழி செய்தது.

வழி திறந்தால் மட்டும் போதுமா? மதிப்பும் வேண்டும். வாணி விழாவில் ஏட்டையும் கருவியையும் ஒரே பீடத்தில் வைத்து வணங்குகிறோம். மறுநாளே கருவி பிடித்த கையைத் தாழ்த்துகிறோம். பெரியோர்களே, அச்சொல்லைக் கைவிடுவோம். இளைஞர்களே, கரையிற் கற்றதற்குச் சான்றிதழ் கேட்க அஞ்சாதீர். அது பிச்சையன்று, உழைப்பின் உரிமை.