ரேந்தை பின்னிய கைகள்

ஏற்காடு போனால் காபித் தோட்டத்தைச் சுற்றிக் காட்டுவார்கள். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி.காக்பர்ன், சேர்வராயன் மலைக்குக் கொண்டுவந்த பயிர் அது. காபி போட்டவர்களின் கணக்கு ரொம்ப சுலபம். செலவு போக மிஞ்சினால் லாபம், அவ்வளவுதான். ஏறக்குறைய அதே சமயத்தில் தெற்கே நாகர்கோவிலில் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி ஆரம்பித்த வியாபாரத்தின் கணக்கு அத்தனை சுலபமாக இல்லை!

அவர் பெயர் மார்த்தா மால்ட். லண்டன் மிஷன் பாதிரியாரான கணவர் சார்லஸ் மால்ட்டுடன் 1819-ல் வந்து சேர்ந்தார். நாகர்கோவில் அப்போது திருவிதாங்கூர் ராஜ்யத்தில் இருந்தது (தமிழ்நாட்டுக்கு வந்தது 1956-ல்தான்). பெண் குழந்தைகளுக்கு விடுதியோடு ஒரு பள்ளிக்கூடம் தொடங்கினார் மார்த்தா. வந்தவர்களில் பெரும்பாலோர் பரம ஏழைகள், சிலர் அடிமைகள். ஆமாம், மனிதரை விலைக்கு விற்ற காலம் அது. சோறு போட வேண்டும், துணி கொடுக்க வேண்டும். காசு? தனக்குத் தெரிந்த லேஸ் பின்னலைக் கற்றுக்கொடுத்தார். போர்த்துகீசியர் விட்டுப்போன ‘ரேந்தை’ என்ற சொல்தான் தென்கோடியில் அதற்குப் பெயர்.

திண்டின் மேல் குண்டூசிகளைக் குத்தி, நூல் சுற்றிய சின்னச் சின்னக் கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்ன வேண்டும். ஒரு சாண் நீளம் முடிப்பதற்குள் கண் பூத்துவிடும். சரக்கு ஐரோப்பியர் வீடுகளுக்குப் போனது. வந்த காசில் பள்ளி நடந்தது, பின்னியவர்களுக்கும் கூலி கிடைத்தது. அந்தக் கூலியைச் சேர்த்து வைத்துத் தங்கள் விடுதலையைத் தாங்களே விலை கொடுத்து வாங்கிய அடிமைப் பெண்களைப் பற்றி மிஷன் வரலாறுகள் சொல்கின்றன. திருவிதாங்கூரில் அடிமைமுறை ஒழிந்தது 1855-ல். அதற்கு முன்பே ஒரு பெண் தன் கைவேலையால் தன்னையே மீட்டுக்கொண்டாள் என்றால் சும்மாவா?

பி.காம். படித்த புத்தி, இங்கே கொஞ்சம் முரண்டு பிடிக்கிறது. மால்ட் தம்பதி வருவதற்குப் பத்து வருஷம் முன்பே, 1809-ல், ஜான் ஹீத்கோட் என்ற ஆங்கிலேயர் வலை லேஸ் பின்னும் இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். வேலை போகுமே என்ற ஆத்திரத்தில் 1816-ல் ஒரு கும்பல் அவருடைய தொழிற்சாலைக்குள் புகுந்து 55 இயந்திரங்களை நொறுக்கியது. சீமையில் கை லேஸுக்குக் கெட்டகாலம் ஆரம்பித்தபோதுதான் நாகர்கோவிலில் கை லேஸ் பிறக்கிறது. மிஷினோடு போட்டி போட இவர்களிடம் இருந்தது என்ன? நுணுக்கம் ஒன்று. இன்னொன்று, சொல்லக் கஷ்டமாக இருக்கிறது... மலிவான கூலி.

கூலியை உயர்த்தினால் சரக்கு விலை ஏறும், வாங்க ஆள் இருக்காது. குறைத்தால் எதற்காகத் தொழில் ஆரம்பித்தோமோ அதுவே அடிபடும். பள்ளிக்கு எவ்வளவு, பின்னியவளுக்கு எவ்வளவு என்ற பங்கீட்டையும் மிஷன்தான் முடிவு செய்தது. பின்னியவளுக்கு அதில் பேச்சு இல்லை. நல்ல மனசுக்காரர்கள் கையில் இருந்ததால் பெரிதாகக் கெட்டுப்போகவில்லை என்று வேண்டுமானால் சொல்லலாம்.

இதில் இன்னொரு கூத்து. சீமாட்டிகளின் கழுத்துக்கும் கைக்கும் லேஸ் பின்னிய இந்த ஊர்ப் பெண்களில் பலருக்குத் தங்கள் தோளை மூட உரிமை கிடையாது! கிறிஸ்தவப் பெண்கள் குப்பாயம் போட்டதற்காகத் தெருவில் துணியைக் கிழித்தார்கள். 1829-ல் வந்த அரசாணை குப்பாயத்தை அனுமதித்தது, மேல்சீலையை மறுத்தது. 1859 ஜூலையில்தான் நாடார் பெண்கள் மார்பை மறைக்கலாம் என்று ராஜா அறிவித்தார். அதிலும், மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக்கூடாது என்று ஒரு கொக்கி!

தொழில் மட்டும் நிற்கவில்லை. 1897-ல் பெல்ஜியத்திலிருந்து முளகுமூட்டுக்கு வந்த கன்னியாஸ்திரி மரி லூயிஸ் டி மீஸ்டரின் அநாதை இல்லத்துக்கும் லேஸ் கை கொடுத்தது.

மிஷன் விட்ட இடத்தைப் பெண்களே பிடித்தால் என்ன ஆகும்? 1959-ல் பம்பாய் கிர்காமில் ஏழு பெண்கள் 80 ரூபாய் கடன் வாங்கி, மொட்டைமாடியில் அப்பளம் இட்டார்கள். அதுதான் லிஜ்ஜத். உருட்டுகிறவளே உடைமைக்காரி, லாபத்தில் அவளுக்கும் பங்கு என்று ஆரம்பத்திலேயே விதி எழுதிக்கொண்டார்கள்.

வியாபாரி பிடித்தால்? அதற்கு ஆந்திராவின் நர்சாப்பூர். அங்கேயும் லேஸைக் கொண்டுவந்தது மிஷனரிகள்தான்; பின்னால் ஏற்றுமதிக்காரர்கள் கைக்குப் போனது. ஜெர்மன் ஆய்வாளர் மரியா மீஸ் அங்கே தங்கிப் பார்த்து, 1982-ல் புத்தகம் போட்டார். வீட்டு வேலையெல்லாம் முடித்து, ஒரு நாளைக்கு ஆறு முதல் எட்டு மணி நேரம் பின்னிய பெண்களின் சராசரி தினக்கூலி ஒரு ரூபாய்கூட இல்லை. ஏற்றுமதிக்காரர்களோ பங்களா கட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெண்கள் தொழிலாளிகள் என்ற கணக்கிலேயே வரவில்லை. பொழுதுபோகாமல் வீட்டில் உட்கார்ந்து ஏதோ பின்னுகிற இல்லத்தரசிகள் என்றுதான் எல்லோரும் சொன்னார்களாம்.