மதுரையும் எதிர்க்கட்சியின் கேள்வியும்: 1952 முதல் 2021 வரை

சென்னை மாநிலச் சட்டமன்றத்துக்கு 1952ஆம் ஆண்டு நடந்த முதல் பொதுத் தேர்தலில், மதுரை வடக்குத் தொகுதியில் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் பி. ராமமூர்த்தி வெற்றி பெற்றார். அப்போது அவர் சிறையில் இருந்தார். சிறைக்கும் மதுரைக்கும் நடுவே அவர் வாழ்க்கை சென்று திரும்புவது அது முதல் முறையன்று. மதுரைச் சதி வழக்கில் என். சங்கரய்யா உள்ளிட்டோருடன் சிறை வைக்கப்பட்டு, விடுதலைக்கு முந்தைய நாளான 1947 ஆகஸ்ட் 14 அன்று அவர் வெளியே வந்திருந்தார். இப்படிப்பட்ட ஒருவர் சில ஆண்டுகளில் அதே அரசை அவையில் நின்று கேள்வி கேட்கும் எதிர்க்கட்சித் தலைவரானார்.

அவருக்குப் பின்னால் நின்றவர்களில் மதுரையின் ஆலைத் தொழிலாளர்கள் முக்கியமானவர்கள். வைகையின் தென்கரையில் உள்ள ஆரப்பாளையத்தை இன்றைய வெளியூர்க்காரர்கள் பேருந்து நிலையத்தைக் கொண்டே அறிவார்கள். தேனி, திண்டுக்கல், கோயம்புத்தூர்ப் பக்கம் போகிறவர்கள் அங்கேதான் பேருந்து ஏறுகிறார்கள். அதற்கு முன்பு ஆரப்பாளையம், கரிமேடு, பொன்னகரம் ஆகிய பகுதிகளின் நாள்பொழுதை நிர்ணயித்தது ஆலைச் சங்கு. ஊரார் 'ஹார்வி மில்' என்றே அழைத்த மதுரா மில்ஸின் வேலை நேரம், கூலி, போனஸ், ரேஷன் அரிசி ஆகியவைதான் இந்தத் தெருக்களின் அரசியல். செங்கொடிச் சங்கம் வளர்ந்ததும் இந்தக் கேள்விகளைச் சுற்றியே.

அந்தத் தேர்தலில் 375 இடங்களில் காங்கிரசுக்குக் கிடைத்தவை 152. கம்யூனிஸ்டுகள் 62 இடங்களைப் பிடித்தனர். தனிப் பெரும்பான்மை யாருக்கும் இல்லை. காங்கிரஸ் அல்லாத கட்சிகள் டி. பிரகாசத்தின் தலைமையில் ஐக்கிய ஜனநாயக முன்னணியாகச் சேர்ந்து ஆட்சி உரிமை கோரின. ஆளுநர் ஸ்ரீபிரகாசா அவர்களை அழைக்கவில்லை. தேர்தலிலேயே நிற்காத ராஜாஜியை மேலவைக்கு நியமன உறுப்பினராக்கி, அவரை ஆட்சி அமைக்க அழைத்தார். 1952 ஏப்ரல் 10 அன்று ராஜாஜி முதலமைச்சரானார்.

ராமமூர்த்தியின் முதல் பெரிய கேள்வி எழுந்தது இங்கேதான். அதை அவர் எழுப்பிய இடம் சென்னை உயர் நீதிமன்றம். ஆளுநர் தம் நியமன அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்தினார் என்பது அவருடைய மனு. இலக்கியம், அறிவியல், கலை, கூட்டுறவு இயக்கம், சமூக சேவை ஆகியவற்றில் அறிவும் அனுபவமும் உள்ளவர்களுக்காக அரசமைப்பின் 171ஆம் பிரிவு வைத்த வழியை, முதலமைச்சர் ஒருவரைக் கொண்டுவரும் வாசலாக்கலாமா என்பதே விவகாரம். தலைமை நீதிபதி பி. வி. ராஜமன்னார், நீதிபதி வெங்கட்ராம ஐயர் ஆகியோர் மனுவைத் தள்ளுபடி செய்தனர். இந்த நியமனத்தால் மனுதாரரின் சொந்த உரிமை எதுவும் மறுக்கப்படவில்லை என்றனர்.  ஆனால் வாக்காளர் கொடுத்த முடிவை ஆளுநர் எப்படி வாசிக்க வேண்டும் என்ற கேள்வி அந்தத் தள்ளுபடியோடு முடியவில்லை. தொங்கு சட்டமன்றம் அமையும்போதெல்லாம் அது திரும்ப வருகிறது.

அவைக்குள் சூடு குறையவில்லை. கம்யூனிஸ்டுகளே தமது முதல் எதிரி என்று ராஜாஜி வெளிப்படையாக அறிவித்தார். 1952 ஜூலை 3 அன்று நடந்த நம்பிக்கை வாக்கெடுப்பில் அவர் 200 வாக்குகள் பெற்றார். எதிராக விழுந்தவை 151. 152 இடங்களோடு வந்த கட்சி மூன்று மாதங்களுக்குள் 200 வாக்குகளைத் திரட்டியது. அமைச்சர் பதவிகளுக்கு இதில் பங்கு உண்டு. காமன்வீல் கட்சியின் மாணிக்கவேலு நாயக்கருக்கு அமைச்சரவையில் இடம் கிடைத்தது.

ஓராண்டு கழித்து, எண்ணிக்கை வலிமை எவ்வளவு நிலையற்றது என்பதை அதே அவை காட்டியது. ராஜாஜியின் தொடக்கக் கல்வித் திட்டத்தை எதிர்ப்பாளர்கள் குலக்கல்வித் திட்டம் என்று அழைத்தனர். மாணவர் அரை நாள் பள்ளியிலும், மீதி நேரம் பெற்றோரின் தொழிலிலும் இருப்பது என்ற ஏற்பாடு அது. 1953 ஜூலை இறுதியில் நடந்த விவாதத்தில், திட்டத்தைக் கைவிடக் கோரிய தீர்மானத்துக்கு இரு பக்கமும் சமமாக வாக்குகள் விழுந்தன. சபாநாயகர் ஜெ. சிவசண்முகம் பிள்ளையின் வாக்கால்தான் அரசு தப்பியது. ஆயினும் நிபுணர்களைக் கொண்டு திட்டத்தை ஆராய வேண்டும் என்ற தீர்மானம் நிறைவேறியது. பருலேகர் குழு அமைந்தது. 1954இல் ராஜாஜி விலகி, காமராஜர் முதலமைச்சரானார். மே மாதத்தில் திட்டம் திரும்பப் பெறப்பட்டது. தெருவில் நடந்த போராட்டங்கள் இல்லாமல் இது நடந்திருக்காது. ஆனால் அரசின் காலடி எவ்வளவு மெலிந்திருக்கிறது என்பதை ஊருக்கு எண்ணிக்கையாகக் காட்டியது சட்டமன்றம்.

இந்த விவாத நாட்களில் எதிர்க்கட்சித் தலைவராக இருந்தவர் ஆந்திரப் பகுதியைச் சேர்ந்த டி. நாகி ரெட்டி. 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திரம் தனி மாநிலமானதும் அவரும் அவர் பக்கத்தினரும் பிரிந்து சென்றனர். அந்த இடத்துக்கு மதுரை வடக்கின் உறுப்பினர் வந்தார்.

கேள்வி கேட்கும் உரிமை வந்த வழி

இந்தியச் சட்டமன்றங்களில் உறுப்பினர் கேள்வி கேட்கும் உரிமை 1892ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது. விடை போதவில்லை என்றால் மேலும் கேட்க அப்போது இடமில்லை. 1909இல், கேட்டவர் மட்டும் துணைக்கேள்வி எழுப்பலாம் என்று ஆனது. 1919க்குப் பின்னரே எந்த உறுப்பினரும் துணைக்கேள்வி கேட்கலாம் என்ற நிலை வந்தது. கேள்வி நேரத்தின் பல் துணைக்கேள்விதான். அச்சிட்ட விடையை அமைச்சர் வாசித்துவிடலாம். அடுத்து வரும் கேள்விக்கு அவருக்குத் துறை தெரிந்திருக்க வேண்டும். மக்களவையில் நட்சத்திரக் குறியிட்ட கேள்விகளுக்கே வாய்மொழி விடையும் துணைக்கேள்வியும் உண்டு. மற்றவற்றுக்கு எழுத்தில் விடை. 2020 செப்டம்பரில் கொரோனாவைக் காரணம் காட்டிக் கேள்வி நேரத்தை நீக்கியபோது, எழுத்து விடை இருக்கிறதே என்று அரசு சொன்னது. அந்த விடை எதிர்க்கட்சிகளுக்கு ஏன் போதவில்லை என்பதை இந்த வரலாறு விளக்கும்.

எதிர்க்கட்சித் தலைவர் பதவி விஷயத்தில் டெல்லி சென்னையைவிடப் பின்தங்கியிருந்தது. அவையில் பத்தில் ஒரு பங்கு இடம் வேண்டும் என்ற மரபால் 1969 வரை மக்களவையில் அங்கீகாரம் பெற்ற எதிர்க்கட்சித் தலைவரே இல்லை. காங்கிரஸ் உடைந்தபின் ராம் சுபக் சிங் முதலாவதாக அந்த இடத்தில் அமர்ந்தார். பதவிக்குச் சட்ட ஏற்பு 1977இல் வந்தது. 2014இல் காங்கிரசுக்கு 44 இடங்களே கிடைத்ததால் பத்தாண்டுகள் மீண்டும் நாற்காலி காலியாக இருந்தது. 2024இல் ராகுல் காந்தி அதில் அமர்ந்தார்.

மொழிச் சட்டமும் மதுரையும்

மதுரை மக்களவைத் தொகுதி 1957இல் கே. டி. கே. தங்கமணியையும், 1967இல், இப்போது மார்க்சிஸ்ட் கட்சியினரான ராமமூர்த்தியையும் டெல்லிக்கு அனுப்பியது. 1965 ஜனவரி 25 அன்று மதுரையில் மூண்ட மோதலிலிருந்துதான் இந்தி எதிர்ப்புப் போராட்டம் மாநிலமெங்கும் பற்றியது. அதன் விளைவுகளில் ஒன்று, 1963ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டத்தில் 1967இல் கொண்டுவந்த திருத்தம். ஆங்கிலப் பயன்பாட்டுக்கு அது சட்டப் பாதுகாப்பு அளித்தது. ராமமூர்த்தி உறுப்பினராக இருந்த மக்களவையே அதை நிறைவேற்றியது.

அரை நூற்றாண்டுக்குப் பின் அந்தச் சட்டம் மதுரைக்கே திரும்பி வந்தது. மதுரை உறுப்பினரும் எழுத்தாளருமான சு. வெங்கடேசன், மத்திய ரிசர்வ் காவல் படையின் ஆட்சேர்ப்புத் தேர்வுக்குத் தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் ஒரு மையம்கூட இல்லை என்று 2020 அக்டோபரில் உள்துறைக்குக் கடிதம் எழுதினார். நவம்பரில் இணை அமைச்சரிடமிருந்து வந்த பதில் இந்தியில் இருந்தது. படிக்க முடியாத பதில் பதிலாகுமா என்பதே இப்போது கேள்வி. அவர் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குச் சென்றார். ஆட்சிமொழிச் சட்டத்தை எடுத்துக்காட்டி, ஆங்கிலத்தில் வரும் கடிதத்துக்கு ஒன்றிய அரசு ஆங்கிலத்திலேயே பதில் தர வேண்டும் என்று நீதிபதிகள் என். கிருபாகரன், எம். துரைசாமி அமர்வு 2021 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது.

1952இல் ராமமூர்த்தி நீதிமன்றத்தில் பெறாததை வெங்கடேசன் பெற்றார் என்று சொன்னால் அது பாதிதான் சரி. முன்னது ஆளுநரின் அதிகாரத்தைத் தொட்டது. பின்னது ஒரு கடிதத்தின் மொழியை. என்றாலும் இரண்டிலும், அவையில் எண்ணிக்கை இல்லாத ஒருவர் அரசை விடை சொல்ல வைக்க வேறு வாசலைத் தட்டியிருக்கிறார். தேர்வின் மொழி குறித்த கோரிக்கையும் தமிழ்நாட்டிலிருந்து தொடர்ந்து எழுந்தது. 2023 ஏப்ரலில், மத்திய ஆயுதக் காவல் படைகளின் காவலர் தேர்வைத் தமிழ் உள்ளிட்ட 13 மாநில மொழிகளிலும் நடத்த உள்துறை ஒப்புக்கொண்டது.