ஹாலேயில் நம் எழுத்து காத்திருக்கும் வீடு



ஜெர்மனியில் வாழும் நாம் நமது சரித்திரம் தரங்கம்பாடியில்தான் தொடங்கியது என்று நினைத்துக்கொள்கிறோம். அதன் ஒரு வேர் இங்கேயே, ஹாலே நகரில் இருக்கிறது.

1695-ல் போதகர் ஆகஸ்ட் ஹெர்மன் பிராங்கேயின் வீட்டுக் காணிக்கைப் பெட்டியில் யாரோ 4 தாலரும் 16 குரோஷனும் போட்டார்கள். அதைக் கொண்டு அவர் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார். 1698 ஜூலை 13 அன்று அனாதை இல்லத்துக்கு அஸ்திபாரக் கல் நாட்டப்பட்டது. அதன் முகப்பின் உச்சியில் சூரியனை நோக்கிப் பறக்கும் இரண்டு கழுகுகளைக் காணலாம். ஏசாயா 40:31-ஐ நினைவூட்டுபவை அவை.

உள்ளே நுழைந்தால் நீண்ட முற்றம். அதன் ஓரத்தில் 1713 முதல் 1716 வரை கட்டிய ஆறு மாடி 'நீள வீடு' நிற்கிறது. மரச்சட்டங்களைக் கோத்து, இடைவெளிகளை அடைத்துக் கட்டியது. நூறு மீட்டருக்கும் அதிக நீளம். 1728-ல் முடிந்த நூலகக் கட்டிடமும் பக்கத்தில் உண்டு.

செவிலியர்களாகிய எங்களைக் கவர்ந்தது இங்கிருந்த மருந்தகம். மருத்துவர் கிறிஸ்டியன் பிரடெரிக் ரிக்டர் உருவாக்கிய மருந்துகள் தூரதேசங்களுக்கும் விற்கப்பட்டன. அந்த வருமானம் பிள்ளைகளைப் போஷித்தது.

இங்கே படித்த சீகன்பால்கு 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் இறங்கினார். ஹாலேயில் வார்த்த தமிழ் அச்செழுத்துகள் கப்பலேறிப் போயின; 1715-ல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சேறி முடிந்தது. அங்கிருந்து வந்த தமிழ் ஓலைச்சுவடிகள் இன்றும் ஹாலேயில் பாதுகாக்கப்படுகின்றன.

இந்த வீடுகளும் ஒருகாலத்தில் அழியப் பார்த்தன. கிழக்கு ஜெர்மனிக் காலத்தில் பராமரிப்பின்றிக் கூரை ஒழுகி, மரம் உளுத்தது. 1990-க்குப் பின் பலர் கைகோத்துச் சீர்ப்படுத்தினார்கள். பராமரிக்க ஆளில்லாவிட்டால் கல்வீடும் இடிந்துபோகும் என்பதை நேரில் கண்டோம்.

மொழியும் அப்படித்தான். அந்த ஓலைகளின் எழுத்தை நம் பிள்ளைகள் படிக்காவிட்டால், அவை கண்ணாடிக்குள் இருக்கும் காட்சிப்பொருளாகிவிடும். ஒரு ஜெர்மானிய வாலிபர் முதிர்ந்தவரைப்போல் அல்ல, சிறுபிள்ளைபோல் மணலில் விரலால் 'அ' எழுதிப் பழகினார். நாம் வீட்டு மேசையில் எழுதிப் பழக வெட்கப்படலாமா?

அடுத்த விடுமுறையில் பெற்றோருடன் ஹாலே போய் வாருங்கள். போவதற்கு முன் ஓர் அதிகாரமாவது தமிழில் வாசித்துவிட்டுப் போங்கள்.