ஜும்ஆ முதல் ஜமாபந்தி வரை

அரபுச் சொற்களில் பெரும்பாலானவை மூன்று மெய்யொலிகளாலான வேரிலிருந்து பிறப்பவை. அம்மெய்கள் வரிசை குலையாமல் நிற்க, உயிரொலிகளும் ஒட்டுகளும் மாறுவதால் ஒரே வேரிலிருந்து வினையும் பெயரும் கிளைக்கின்றன. ஜீம், மீம், ஐன் என்னும் மூன்றெழுத்து வேருக்குச் சிதறிக் கிடப்பவற்றை ஒன்றுசேர்த்தல் என்பது அடிப்படைப் பொருள். 8-ஆம் நூற்றாண்டில் பஸ்ராவில் வாழ்ந்த கலீல் இப்னு அஹ்மதின் பெயரால் வழங்கும் 'கிதாபுல் ஐன்' என்னும் அகராதி, தொண்டையில் பிறக்கும் ஐன் ஒலியை முதலில் வைத்து வேர்களை நிரல்படுத்துவதால், இவ்வேர் அதன் முதற்பகுதியிலேயே இடம்பெறுகிறது. தமிழ் எழுத்தில் அந்த ஐன்தான் முதலில் காணாமற்போயிற்று.

மக்கள் கூடித் தொழும் வெள்ளிக்கிழமை 'ஜும்ஆ' எனப்பட்டது. அதற்கு முன் அந்நாளின் பெயர் 'அரூபா' என்று பழைய அகராதியாளர் கூறுவர். தொழுவோர் கூட்டம் 'ஜமாஅத்', ஊரார் கூடும் பெரிய பள்ளிவாசல் 'ஜாமிஆ', சட்ட அறிஞர்களின் ஒருமித்த முடிவு 'இஜ்மா' என இவ்வேர் சமயத்தில் வேரோடியதைப் போலவே, இலக்கணத்தில் பன்மைக்கும் கணிதத்தில் கூட்டலுக்கும் 'ஜம்உ' என்ற சொல்லாக நின்றது.

இவ்வேர் வருவாய்த் துறைக்குள் வந்தபோதுதான் அதன் பொருள் விந்தையாகத் திரும்பிற்று. பாரசீகத்தை ஆட்சிமொழியாகக் கொண்ட முகலாயர் கணக்கில் 'ஜமா' என்பது குடிகள்மீது அரசு விதித்த தொகையே. உண்மையில் வந்து சேர்ந்த தொகைக்கு 'ஹாசில்' என்று வேறு பெயர் இருந்தது. ஆக, சேர்த்தலைக் குறித்த சொல், சேருமா சேராதா என்று தெரியாத ஒரு மதிப்பீட்டுக்குப் பெயராயிற்று. ஹாசிலின் வேரிலிருந்து வந்த தாசில்தார் என்னும் பதவிப்பெயரும், ஜமாவோடு கட்டுதலைக் குறிக்கும் பாரசீக 'பந்தி' இணைந்த ஜமாபந்தியும் இன்று ஒரே தாலுகா அலுவலகத்தில் புழங்குகின்றன.

1820 முதல் 1827 வரை ஆளுநராயிருந்த தாமஸ் மன்றோவின் காலத்தில் சென்னை மாகாணத்தில் நிலைபெற்ற, உழவர்மீது அரசு நேரடியாகத் தீர்வை விதிக்கும் ரயத்துவாரி முறையில், பயிரிட்ட பரப்பையும் தள்ளுபடியையும் பொறுத்து ஒவ்வொருவர் தீர்வையும் ஆண்டுதோறும் மாறியதால், கிராமக் கணக்குகளை ஆண்டுக்கு ஒருமுறை தணிக்கை செய்து முடிக்கும் ஜமாபந்தி இன்றியமையாததாயிற்று. ஜூன் 30-இல் முடியும் பசலி என்னும் வருவாய் ஆண்டின் இறுதியில் தமிழ்நாட்டில் இன்றும் அது நடைபெறுகிறது. நிலவரியின் பங்கு சுருங்கிவிட்டதால், அங்கே கூடுவோரில் பலரும் பட்டா மாற்றத்துக்கும் உதவித்தொகைக்கும் மனுக் கொடுக்க வருபவர்களே.