மீளும் குருதியும் இதயக் காப்பும்: ஒரு வரலாற்று நோக்கு

கண்டியிலிருந்து மகியங்கனைக்குச் செல்லும் வீதியில், நக்கிள்ஸ் மலைத்தொடரின் சாரலில் அமைந்த சிற்றூர் ஹுன்னஸ்கிரிய. மீமுரே முதலான உட்கிராமங்களுக்குரிய பாதை பிரிவதும் இங்கேயே. இப்பகுதியில் நள்ளிரவில் மாரடைப்புற்ற ஒருவர், வளைந்து வளைந்து இறங்கும் மலைப்பாதையாலே தெல்தெனியவைக் கடந்து கண்டி வைத்தியசாலையை அடைதல் வேண்டும். அப்பயணம் நீளுந்தோறும் அவரது இதயத்தசை சிறிது சிறிதாக மடிந்துகொண்டிருக்கும். ஆயின், தடைப்பட்ட குருதி மீண்டும் பாயத் தொடங்கியதும் இடர் முற்றாக நீங்கிவிடுகின்றதா? இவ்வினாவுக்கு மருத்துவ உலகம் விடை தேடிய வரலாற்றைச் சுருக்கமாக ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

குருதி தடைப்படுதலே கேடு, அது மீளுதல் நன்மை என்பதே இயல்பாக எழுங் கருத்தாகும். 1960 இல் அமெரிக்க அறிஞர் றொபேட் ஜெனிங்ஸும் அவர்தம் குழுவினரும் நாய்களின் முடியுருநாடியைச் சிறிது நேரம் அடைத்துப் பின்னர் திறந்து ஆராய்ந்தனர். குருதி மீண்டபின் இழையச் சிதைவின் அறிகுறிகள் விரைந்து வெளிப்பட்டமையை அவர்கள் கண்டனர். 1973 இல் டேவிட் ஹேர்ஸ் குழுவினர், ஒட்சிசன் இன்றியிருந்த எலியின் இதயத்துக்கு அதனை மீள வழங்கியபோது, கலங்களிலிருந்து நொதியங்கள் திடீரென வெளியேறுவதைக் காட்டினர். உயிர் காப்பதே ஊறு செய்தலால் இது 'ஒட்சிசன் முரண்' எனப்பட்டது.

இதன் காரணம் இன்று பெரிதும் தெளிவாகியுள்ளது. குருதியற்ற கலத்தில் அமிலம் பெருகுகின்றது, ஆற்றல் வற்றுகின்றது. குருதி மீண்டதும் அமிலம் சடுதியாக அகல, கலத்தினுள் கல்சியம் பெருகுகின்றது. தீங்கு செய்யும் ஒட்சிசன் மூலிகங்களும் தோன்றுகின்றன. இவற்றால் ஆற்றலாக்கும் இழைமணிகளின் மென்சவ்விலே துளைகள் திறக்க, கலம் மடிகின்றது. நெடுநாட் பட்டினி கிடந்தவனுக்கு முதலிற் கஞ்சி வார்ப்பதன்றி விருந்து படையார் நம் முன்னோர். இதயக்கலத்தின் நிலையும் அத்தகையதே.

இச்சிக்கலைச் சத்திரசிகிச்சையாளர் வேறு வழியாக எதிர்கொண்டனர். 1955 இல் இலண்டனில் மெல்றோஸ் என்பார் பொற்றாசியம் சித்திரேற்றினால் இதயத்தை வேண்டியவாறு நிறுத்தும் முறையை வெளியிட்டார். அதன் செறிவு மிகையாயிருந்தமையால் தசை ஊறுற்று, அம்முறை கைவிடப்பட்டது. 1970களில் செறிவு குறைந்த, குளிரூட்டிய கரைசல்கள் செப்பமுற்றபின் அக்கருத்து மீண்டும் நிலைபெற்றது. கொடையாளியின் இதயத்தைக் குளிரிற் காத்து, பொதுவாக நான்கு மணித்தியாலங்களுக்குள் மாற்றிப் பொருத்துதற்கு இத்தகைய கரைசல்களே துணையாயின. 2017 யூலையில் இலங்கையின் முதலாவது இதயமாற்றுச் சத்திரசிகிச்சை கண்டி போதனா வைத்தியசாலையில் நிகழ்ந்தமை ஈண்டு நினைக்கத்தக்கது.

மாரடைப்பு நோயாளர்க்கோ முன்னறிவித்தல் இல்லை. 1986 இல் மறி, ஜெனிங்ஸ், றைமர் ஆகியோர் வியப்புக்குரிய முடிவொன்றை வெளியிட்டனர். நாயின் நாடியை ஐந்து நிமிடம் அடைத்து ஐந்து நிமிடம் திறப்பதை நான்கு முறை செய்து, பின்னர் நாற்பது நிமிடம் அடைத்தபோது, மடிந்த தசை வழக்கமானதில் காற்பங்காகக் குறைந்தது. சிறு துன்பம் பெருந்துன்பத்தைத் தாங்கப் பழக்கியது எனலாம். ஆயினும் மாரடைப்புக்கு முன்னர் எவரையும் இவ்வாறு பழக்குதல் இயலாது. இதனிடையே, 17,187 நோயாளரை உள்ளடக்கி 1988 இல் வெளிவந்த ஐசிஸ்-2 ஆய்வு, கட்டியைக் கரைக்கும் ஸ்ரெப்ரோகைனேசும் அஸ்பிரினும் உயிர் காப்பதை நிலைநாட்டியது. குருதியை மீட்டல் இன்றியமையாதது என்பது இதனால் உறுதியாயிற்று.

எனினும், மீளுங் குருதி புதிதாகக் கலங்களைக் கொல்கின்றதா, முன்னரே மடியவிருந்தவற்றின் முடிவை விரைவுபடுத்துகின்றதா என்னும் வாதம் தொடர்ந்தது. 2003 இல் சாவோ, விந்தன்-யொஹான்சன் முதலியோர் குருதியை ஒரேயடியாக விடாது, முப்பது விநாடி விட்டு முப்பது விநாடி நிறுத்தி, மும்முறை செய்தனர். நாய்களின் மடிந்த தசை ஏறத்தாழ 44 வீதம் குறைந்தது. அடைப்பின் கால அளவு மாறாதிருக்க, மீட்கும் முறை மட்டுமே மாறியது. ஆகவே சேதத்தின் ஒரு பங்கேனும் மீட்பின்போதே நிகழ்தல் வேண்டும் என்னும் முடிவு வலுப்பெற்றது.

ஆய்வுகூடத்தில் விளைந்த நம்பிக்கை மருத்துவமனையில் முழுமையாகக் கைகூடவில்லை. 2015 இல் சைக்குளோஸ்போரின் மருந்தும், 2019 இல் 5,401 நோயாளரிடையே கையிற் பட்டியிறுக்கித் தளர்த்தும் முறையும் பெரும் ஆய்வுகளிற் பயன் காட்டத் தவறின. இளமையும் நலமும் உடைய விலங்கின் இதயம் வேறு. முதுமையும் நீரிழிவும் பல மருந்துகளும் சேர்ந்த மனிதரின் இதயம் வேறு என்பது ஒரு காரணமாகக் கூறப்படுகின்றது.

இவ்வரலாறு உணர்த்துவது யாது? மீளுங் குருதியின் ஊற்றை அஞ்சி மீட்பைத் தாமதித்தல் தவறு. குருதி மீளாவிடின் தசை பிழைக்காது. அடைப்பின் காலத்தைக் குறைத்தலே இன்றுவரை ஐயமின்றி நிறுவப்பட்ட காப்பாகும். ஹுன்னஸ்கிரிய போன்ற மலையூர்களைப் பொறுத்தவரை, நெஞ்சுவலியை உடன் இனங்காணும் அறிவும், இரவிலும் கிடைக்கும் ஊர்தியும், அண்மையில் உள்ள வைத்தியசாலையிலேயே தொடங்கும் சிகிச்சையும் எந்தப் புதுமருந்துக்கும் குறைந்தனவல்ல.